மொடியூல்களுக்கு இடையே வரையப்படாத கோடுகள்

2022 யூன் 1 ஆம் திகதி இலங்கையில் பெறுமதி சேர் வரி 8 வீதத்திலிருந்து 12 வீதமாயிற்று. அதே ஆண்டு செப்டெம்பர் 1 ஆம் திகதி அது 15 வீதமாகவும், 2024 ஜனவரி 1 ஆம் திகதி 18 வீதமாகவும் உயர்ந்தது. நடுவில், 2022 ஒக்டோபர் 1 ஆம் திகதி முதல், 2.5 வீதச் சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு வரி என்று புதிதாக ஒன்றும் வந்து சேர்ந்தது. பில் அடிக்கும் மென்பொருள் எதையாவது பராமரிப்பவர்களுக்கு இந்தத் திகதிகள் மனப்பாடமாகவே இருக்கும். வியாபாரிகளுக்கு அவை வரி கூடிய நாட்கள். எங்களைப் போன்றவர்களுக்கோ, கையிலிருந்த மென்பொருளின் உள்ளமைப்பு எப்படிப்பட்டது என்பதை எந்தக் கருவியின் துணையுமின்றி அம்பலப்படுத்திய நாட்கள். வீதத்தை ஓரிடத்தில் மாற்றிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனவர்களும் உண்டு. பில், முற்பதிவு விலை, மாத அறிக்கை, பணம் திருப்பிக் கொடுக்கும் பகுதி என்று ஒவ்வொரு கோப்பாகத் தேடித் திரிந்தவர்களும் உண்டு. இரு சாராரிடமும் இருந்தது, வெளிப்பார்வைக்கு ஒழுங்காக மொடியூல்களாக, அதாவது தனித்தனி வேலைப் பகுதிகளாக, பிரிக்கப்பட்ட மென்பொருள்தான்.

திருகோணமலையின் உப்புவெளியிலும் நிலாவெளியிலும் உள்ள சில விருந்தினர் விடுதிகள் பயன்படுத்தும் மென்பொருளொன்றைப் பராமரிப்பது என் வேலையின் ஒரு பகுதி. அது பைத்தன் என்ற நிரல்மொழியில் எழுதப்பட்டது; வேறொரு நிறுவனம் எழுதி, பின்னர் எங்கள் கைக்கு வந்தது. கோப்புறைகளின் பெயர்களை மட்டும் பார்த்தால் குறை சொல்ல இடமில்லை: முற்பதிவு, விருந்தினர் பதிவேடு, பில், கணக்கு, அறிக்கை. ஆயினும் இந்த ஐந்து பெயர்களுக்குள்ளும் என்ன பிழை ஒளிந்திருக்கிறது என்பதை எப்படித் தேடுவது என்பதே இந்தப் பதிவின் பொருள். எந்தப் பகுதி எதை நம்பியிருக்கிறது என்று கருவிகள் வரைந்து காட்டும் சார்புக் கோடுகள் பாதிக் கதையைத்தான் சொல்கின்றன என்பதும், மிகுந்த செலவு வைக்கும் குறைகள் பெரும்பாலும் எந்தக் கோடும் வரையப்படாத இடங்களிலேயே இருக்கின்றன என்பதும் என் துணிபு.

மொடியூலை எதை வைத்துப் பிரிப்பது என்ற கேள்விக்கு, 1972 டிசம்பரில் ஏசிஎம் என்ற கணினியியல் சங்கத்தின் இதழில் மென்பொருள் அறிஞர் டேவிட் பார்னாஸ் எழுதிய கட்டுரையை விடத் தெளிவான பதிலை நான் இன்னும் காணவில்லை. அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் மிகச் சிறியது: உரையின் சில வரிகளை உள்வாங்கி, ஒவ்வொரு வரியின் முதற் சொல்லையும் மீண்டும் மீண்டும் கடைசிக்கு நகர்த்தி, அப்படிக் கிடைக்கும் எல்லா வடிவங்களையும் அகரவரிசையில் அச்சிடும் ஒரு சொற்சுட்டி. இதை அவர் இரண்டு விதமாகப் பிரித்துக் காட்டினார். முதல் விதத்தில் உள்ளீடு, சுழற்றல், வரிசைப்படுத்தல், வெளியீடு என்று வேலை நடக்கும் ஒழுங்கிலேயே மொடியூல்கள் அமைந்தன. இரண்டாவதில் ஒவ்வொரு மொடியூலும் மாறக்கூடிய ஒரு தீர்மானத்தைத் தனக்குள் ஒளித்து வைத்துக்கொண்டது. வரிகள் நினைவகத்தில் எப்படிச் சேமிக்கப்படுகின்றன என்பது ஒரே ஒரு மொடியூலுக்கு மட்டுமே தெரியும். இரண்டு பிரிப்பும் சரியான விடையைத் தரும். ஆனால் வரிகளைச் சேமிக்கும் முறையை மாற்ற வேண்டி வந்தால், முதலாவதில் எல்லா மொடியூல்களையும் திறக்க வேண்டும். இரண்டாவதில் ஒன்றைத் திறந்தால் போதும்.

எங்கள் விடுதி மென்பொருள் அப்பட்டமான முதல் வகை. விருந்தினர் ஒருவர் அழைப்பெடுத்து அறை கேட்பதிலிருந்து, வந்து பதிவேட்டில் பெயர் எழுதி, தங்கி, காசு கட்டிப் புறப்பட்டு, கடைசியில் மாதக் கணக்கில் ஓர் எண்ணாக மாறுவது வரை, அவர் நடந்து போகும் பாதையே கோப்புறைகளின் வரிசையாக இருந்தது. வாசிப்பதற்கு அது இதமானது. புதிதாக வருபவருக்கு விளக்குவது எளிது. ஆனால் விடுதித் தொழிலில் மாறுவது விருந்தினர் நடந்து போகும் பாதையன்று. மே முதல் செப்டெம்பர் வரை வெள்ளைக்காரர் வரும் சீசனில் ஒரு விலை, வடகீழ்ப் பருவக்காற்று வீசும் மாதங்களில் ஒரு விலை, கோணேஸ்வரத்துக்கு யாத்திரையாக வரும் பஸ் கூட்டத்துக்கு ஒரு விலை என்று விலை மாறும், வரி மாறும், அடையாள ஆவணத்தின் வடிவம் மாறும். இந்த மாற்றங்கள் ஒவ்வொன்றும் ஐந்து கோப்புறைகளையும் குறுக்கே வெட்டிக்கொண்டு போயின.

இங்கே வரியை மீண்டும் நெருங்கிப் பார்ப்பது பயன் தரும். வீதத்தை ஒரு மாறிலியாக, அதாவது பெயரிட்ட ஒரு மதிப்பாக, ஒரே கோப்பில் எழுதி, எல்லோரும் அதையே எடுத்துப் பயன்படுத்தினால் போதுமல்லவா என்று தோன்றும். 8 ஐ 12 ஆக்கிய அன்று அது போதுமாகத்தான் இருந்தது. ஆனால் 2023 டிசம்பர் கடைசி வாரத்தில் 15 வீதத்துடன் அடித்த பில்லொன்றை ஜனவரியில் திருத்திப் பணம் திருப்பிக் கொடுக்க நேர்ந்தால், வீதம் 15 ஆகவே இருக்க வேண்டும். மாறிலியோ அதற்குள் 18 ஆகியிருக்கும். ஆகவே ஒளித்து வைக்க வேண்டிய தீர்மானம் வீதம் எவ்வளவு என்பதன்று, எந்தத் திகதிக்கு எந்த வீதம் என்பதே. புதிய வரி வந்தபோது இதுவும் போதவில்லை. எத்தனை வரிகள் உண்டு, எது எந்தத் தொகையின் மேல் கணிக்கப்படுகிறது, பில்லில் எதைத் தனியாகக் காட்டுவது ஆகிய தீர்மானங்கள், பில்லை அச்சிடும் ஃபங்ஷன் (ஒரு வேலையைச் செய்யும் நிரல் துண்டு) வரைக்கும் பரவிக் கிடந்தன. மூன்று வரி உயர்வுகளைத் தாங்கிய அமைப்பு, ஒரு புதிய வரியைத் தாங்கவில்லை. ஒரு மொடியூல் நல்லதா கெட்டதா என்று பொதுவாகக் கேட்பதில் அர்த்தமில்லை என்று நான் சொல்வது இதனால்தான். எந்த மாற்றத்துக்கு நல்லது என்று சேர்த்துக் கேட்க வேண்டும்.

சரி, கருவிகளுக்கு வருவோம். முதலில் எவரும் செய்வது சார்பு வரைபடத்தை எடுப்பது: எந்தக் கோப்பு எந்தக் கோப்பை இம்போர்ட் செய்கிறது, அதாவது தனக்குள் எடுத்துப் பயன்படுத்துகிறது, என்று பட்டியலிட்டு, புள்ளியும் அம்புமாக வரைவது. ஜாவா மொழிக்காரர்களுக்கு ஜேடெப்ஸ் என்ற கருவி, ஜேடிகே என்ற ஜாவா உருவாக்கத் தொகுதியுடனேயே வருகிறது. ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு மேட்ஜ், டிபென்டன்சி குரூசர் போன்றவை இருக்கின்றன. அந்த அம்புகள் ஒன்றையொன்று துரத்தி வட்டமாக முடியும் இடங்களை ரொபர்ட் டார்ஜன் 1972 இல் வெளியிட்ட வழிமுறையைக் கொண்டு, புள்ளிகளினதும் அம்புகளினதும் எண்ணிக்கைக்கு விகிதமான நேரத்திலேயே கண்டுபிடித்துவிடலாம். ஆகவே எவ்வளவு பெரிய மென்பொருளானாலும் வட்டச் சார்பைத் தேடாமலிருக்கச் சாட்டுக் கிடையாது. கோ மொழியில் பக்கேஜ்களுக்கிடையே வட்டம் இருந்தால், நிரலை மொழிமாற்றும் கொம்பைலரே ஏற்க மறுத்துவிடும். பைத்தன், ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட் போன்ற பல மொழிகளில் அப்படிப்பட்ட கண்டிப்பு இல்லை.

வட்டம் எப்படி உண்டாகிறது என்பதற்கு எங்களிடமிருந்தே ஓர் உதாரணம். பில் மொடியூலுக்கு எத்தனை இரவு தங்கினார் என்று தெரிய வேண்டும். அது முற்பதிவைக் கேட்கிறது. பழைய பாக்கி வைத்திருக்கும் ஒருவருக்கு மீண்டும் அறை கொடுக்கக்கூடாது என்று விடுதி முதலாளி ஒருவர் ஒரு நாள் கேட்கிறார்; இப்போது முற்பதிவு பில்லைக் கேட்கிறது. கேட்பதற்கு நியாயமான இரண்டு கேள்விகள் சேர்ந்து இரு மொடியூல்களையும் ஒன்றாகக் கட்டிப்போட்டுவிட்டன. அதன் பின் ஒன்றைத் தனியாகச் சோதிக்க முடியாது, ஒன்றைத் தனியாக வேறு மென்பொருளில் பயன்படுத்த முடியாது, ஒன்றைப் புரிந்துகொள்ள மற்றதையும் வாசித்தாக வேண்டும்.

பைத்தனில் இந்த வட்டம் ஒளிந்துகொள்ளும் விதம் குறித்து ஒரு சொல். கோப்பின் தலைப்பில் ஒன்றையொன்று இம்போர்ட் செய்யும் இரு கோப்புகளை ஓட்டும்போது, ஒன்று பாதி ஏற்றப்பட்ட நிலையில் மற்றது அதற்குள் பெயரைத் தேடிப் பிழை எறியும். அவசரத்தில் இருப்பவர் அந்த இம்போர்ட் வரியைத் தலைப்பிலிருந்து எடுத்து, தேவைப்படும் ஃபங்ஷனுக்குள்ளே வைத்துவிடுவார். பிழை மறையும், வட்டம் மறையாது. ஆகவே ஒரு பைத்தன் மென்பொருள் முதன்முதலாக என் கைக்கு வந்தால், ஃபங்ஷன்களுக்குள் எழுதப்பட்ட இம்போர்ட் வரிகளைத்தான் முதலில் தேடுவேன். ஏற்ற நேரமெடுக்கும் லைப்ரரிகளை (ஆயத்த நிரல் தொகுப்புகளை) தாமதமாக ஏற்றுவதற்காக எழுதப்பட்டவை சில இருக்கும்; எஞ்சியவை பெரும்பாலும், முன்பு யாரோ ஒருவர் வட்டத்தில் முட்டிக்கொண்டு விலகிப் போனதன் தடயங்கள்.

வட்டத்தை உடைப்பதற்குப் பலரும் கையாளும் வழி, இரண்டுக்கும் பொதுவான துண்டை எடுத்து ‘பொது’ என்ற மூன்றாவது மொடியூலில் போடுவது. இது சில சமயம் சரியான தீர்வே. ஆனால் பெரும்பாலான மென்பொருள்களில் அந்தப் பொது மொடியூல், வைக்க இடமில்லாத சாமான் எல்லாம் வந்து குவியும் பின்விறாந்தையாக மாறிவிடுகிறது. திகதியை வடிவமைக்கும் ஃபங்ஷன், குறுஞ்செய்தி அனுப்பும் ஃபங்ஷன், ரூபாயை டொலராக்கும் ஃபங்ஷன் எல்லாம் அங்கே அருகருகே குடியிருக்கும். ஸ்டீவன்ஸ், மையர்ஸ், கொன்ஸ்டன்டைன் ஆகிய மூவரும் 1974 இல் ஐபிஎம் இதழொன்றில் எழுதிய கட்டுரையில், மொடியூல்களுக்கிடையிலான பிணைப்பு, மொடியூலுக்குள்ளான ஒட்டுறவு என்ற இரண்டு அளவுகோல்களை முன்வைத்தார்கள். தற்செயலாக ஓரிடத்தில் சேர்ந்தவை என்பதே அவர்களது ஒட்டுறவுப் படிநிலையில் மிகக் கீழான படி. கோணேசபுரியிலுள்ள திருகோணமலை வளாகத்தில் கணினி விஞ்ஞானம் படித்துவிட்டு எங்களிடம் பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் இந்தப் படிநிலையை ஒப்புவிக்கத் தடுமாறுவதில்லை. ஆனால் ‘பொது’ கோப்புறையைத் திறந்து காட்டி இது எந்தப் படி என்று கேட்டால் ஒரு கணம் யோசிக்கிறார்கள். பாடப்புத்தகத்தின் உதாரணங்கள் அவ்வளவு சுத்தமானவை.

எண்ணிக்கை அளவைகளை நான் சுருக்கமாகவே கடக்கிறேன். ஒரு மொடியூலை நம்பியிருப்பவை எத்தனை, அது நம்பியிருப்பவை எத்தனை என்று எண்ணி, வெளிநோக்கிய சார்புகளை மொத்தச் சார்புகளால் வகுத்தால் 0 முதல் 1 வரை ஓர் எண் கிடைக்கும். ரொபர்ட் மார்ட்டின் அதை நிலையின்மை என்று அழைத்தார். 0 க்கு அருகிலிருப்பதைப் பலர் நம்பியிருக்கிறார்கள், அதை மாற்றுவது கடினம். 1 க்கு அருகிலிருப்பதை எவரும் நம்பியிருப்பதில்லை, மாற்றுவது எளிது. சார்புகள் எளிதில் மாறுவதிலிருந்து மாறக் கடினமானதை நோக்கியே செல்ல வேண்டும் என்பது அதிலிருந்து வரும் விதி. விதி நல்லது. எண்ணை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்வதுதான் ஆபத்து. எங்கள் மென்பொருளில் பலரும் நம்பியிருக்கும் இரண்டு கோப்புகள் இருந்தன: ஒன்று பணத்தொகையைக் குறிக்கும் கிளாஸ் (ஒரு வகைப் பொருளின் தரவையும் செயல்களையும் சேர்த்து வைக்கும் நிரல் பகுதி), மற்றது அறையைக் குறிக்கும் கிளாஸ். இரண்டுக்கும் ஏறத்தாழ ஒரே எண். பணக் கிளாஸை எவரும் தொட்டதேயில்லை. அது எத்தனை பேரைத் தாங்கினாலும் குறையன்று. அறைக் கிளாஸோ மாதந்தோறும் மாறியது, மாறிய ஒவ்வொரு தடவையும் எங்காவது ஒரு மூலையில் எதையாவது உடைத்தது. சார்பு எண்ணிக்கையுடன் மாற்றத்தின் அடிக்கடித் தன்மையையும் சேர்த்துப் பெருக்கிப் பார்க்காதவரை, இவ்விரண்டையும் வேறுபடுத்திக் காட்டும் அளவை எதுவுமில்லை.

இனி, நான் மிகவும் மதிக்கும் முறைக்கு வருகிறேன். 1995 இல் கேல் மர்பி, டேவிட் நோட்கின், கெவின் சலிவன் ஆகியோர் முன்வைத்தது அது. மென்பொருள் எப்படி அமைந்திருக்கிறது என்று அதைத் தெரிந்தவர் தன் மனத்திலிருக்கும் படத்தை முதலில் வரைகிறார். நிரலின் எந்தக் கோப்பு படத்தின் எந்தப் பெட்டிக்குள் வரும் என்று குறித்துக்கொள்கிறார். அதன் பிறகே கருவி நிரலை வாசித்து உண்மையான அம்புகளைக் கொண்டுவருகிறது. வரைந்ததும் இருப்பதும் ஒன்றுபடும் இடம் ஒன்று. வரையாமல் நிரலில் மட்டும் இருப்பது இன்னொன்று. வரைந்தும் நிரலில் இல்லாதது மூன்றாவது. கருவியை முதலில் ஓட்டிவிட்டுப் படத்தைப் பார்த்தால், பார்த்ததையே நாம் எதிர்பார்த்ததாக மனம் ஏற்றுக்கொண்டுவிடும். அதனால் வெண்பலகையில் வரையும் வேலை முடியும்வரை மடிக்கணினியைத் திறக்க விடுவதில்லை.

வழக்கமாக எல்லோரும் இரண்டாவது வகைமேல் பாய்வார்கள். எதிர்பாராத அம்பு கண்ணைக் குத்தும். எனக்கு மூன்றாவதே பொருள் நிறைந்ததாகப் படுகிறது. எங்களுடன் வேலை செய்யும் இளைஞர் ஒருவர் பலகையில் பில்லிலிருந்து விருந்தினர் பதிவேட்டுக்கு ஓர் அம்பு போட்டார். மூத்த பிரசைகளுக்குச் சில விடுதிகள் கழிவு கொடுக்கின்றன. வயது பதிவேட்டில்தான் இருக்கிறது. ஆகவே பில் அதைக் கேட்டுத்தானே ஆக வேண்டும் என்பது அவருடைய நியாயம். கருவியை ஓட்டினால் அப்படியொரு சார்பே இல்லை. “அப்ப பில்லுக்கு வயசு எப்பிடித் தெரியுது அண்ணா?” என்று அவர் கேட்டார். சரியான கேள்வி. பில் எவரையும் கேட்கவில்லை. தேசிய அடையாள அட்டை இலக்கத்தைத் தானே எடுத்துப் பிரித்துப் பிறந்த திகதியைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தது.

அடையாள அட்டை இலக்கத்தின் உள்ளே என்ன இருக்கிறது என்பதை இந்த இடத்தில் விரித்துச் சொல்ல வேண்டும். பழைய இலக்கம் 9 இலக்கங்களும் கடைசியில் வி அல்லது எக்ஸ் என்ற எழுத்தும் கொண்டது. முதலிரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதனுடன் 500 கூட்டப்பட்டிருக்கும். 2016 முதல் வழங்கப்படும் புதிய இலக்கம் 12 இலக்கங்கள் கொண்டது. ஆண்டு நான்கு இலக்கமாயிற்று, எழுத்து போயிற்று. இதற்குள் இன்னுமொரு பொறி உண்டு: நாளை எண்ணும்போது எல்லா ஆண்டுகளிலும் பெப்ரவரிக்கு 29 நாட்கள் என்று கொள்ளப்படுகிறது. ஆகவே லீப் ஆண்டல்லாத 1985 இல் மார்ச் 1 ஆம் திகதி பிறந்தவருடைய இலக்கத்தில் நாள் 061 என்று வரும். கணினி மொழியின் திகதி லைப்ரரியிடம் 1985 இன் 61 ஆவது நாள் எது என்று கேட்டால் அது மார்ச் 2 என்று சொல்லும்.

எங்கள் மென்பொருளில் இந்த அறிவு மூன்று இடங்களில் இருந்தது. விருந்தினர் பதிவேடு இலக்கத்தைச் சரியாகப் பிரித்தது, பெப்ரவரிப் பொறியையும் தெரிந்து வைத்திருந்தது. பில் மொடியூல் புதிய 12 இலக்க வடிவத்தைத் தெரிந்து வைத்திருந்தது, ஆனால் ஒரு நாள் தள்ளிய திகதியைத் தந்தது. அறிக்கை மொடியூல், உள்நாட்டு விருந்தினரில் ஆண் எத்தனை பெண் எத்தனை என்று எண்ணுவதற்காக, மூன்றாவது எழுத்திலிருந்து மூன்று எழுத்துகளை வெட்டி 500 க்கு மேலா என்று பார்த்தது. பழைய இலக்கத்துக்கு அது சரி, புதிய இலக்கத்திலோ அந்த இடத்தில் ஆண்டின் கடைசி இரு இலக்கங்களும் நாளின் முதல் இலக்கமும் கலந்து நிற்கும். புதிய இலக்கம் வைத்திருந்த, 1985 இல் பிறந்த ஆண்கள் எல்லோரும் அறிக்கையில் பெண்களாகிவிட்டார்கள். எண்கள் அபத்தமாகத் தோன்றாததால் எந்த விடுதி முதலாளியும் முறைப்பாடு செய்யவில்லை.

இந்த மூன்று கோப்புகளுக்கிடையே ஒரு இம்போர்ட் வரிகூட இல்லை. சார்பு வரைபடத்தில் அவை ஒன்றையொன்று அறியாதவை; எண்ணிக்கை அளவைகளின்படி மிகத் தளர்வாகப் பிணைக்கப்பட்டவை, பாராட்டத்தக்கவை. ஆயினும் ஆட்பதிவுத் திணைக்களம் எடுத்த ஒரே ஒரு தீர்மானத்தை மூன்றும் தனித்தனியே சுமந்துகொண்டிருந்தன. சார்பைக் குறைக்க வேண்டும் என்ற போதனையைச் சொல்லுக்குச் சொல் பின்பற்றினால் வந்து சேரும் இடம் இதுதான் என்று எனக்குப் படுகிறது: கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதைப் பிரதி எடுத்து வைத்துக்கொள்வது. வரைபடம் அழகாகும், குறை படத்துக்கு வெளியே போய்விடும்.

வரலாறு இந்த இடத்தில் துணைக்கு வருகிறது. நிரலின் மாற்றங்களைச் சேமித்து வைக்கும் கிட் போன்ற களஞ்சியத்தில் ஒவ்வொரு கொமிட்டிலும் (ஒரே தடவையில் பதியப்படும் மாற்றத் தொகுதியிலும்) எந்தெந்தக் கோப்புகள் சேர்ந்து மாறின என்ற பதிவு இருக்கிறது. ஒன்றையொன்று இம்போர்ட் செய்யாத இரண்டு கோப்புகள் திரும்பத் திரும்பச் சேர்ந்தே மாறினால், அவற்றுக்கிடையே நிரலில் எழுதப்படாத ஏதோ ஒரு பந்தம் உண்டு என்று கொள்ளலாம். ஹரால்ட் கால் முதலானோர் 1998 இல் ஒரு தொலைத்தொடர்பு மென்பொருளின் வெளியீட்டு வரலாற்றை வைத்து இதைச் செய்து காட்டினார்கள். செய்முறை எளிது: கொமிட் பட்டியலைக் கோப்புப் பெயர்களுடன் எடுத்து, ஒவ்வொரு சோடிக்கும் எத்தனை தடவை சேர்ந்து மாறின என்று எண்ணி, தனித்து மாறிய தடவைகளுடன் ஒப்பிட வேண்டும். ஒரு கோப்பு 20 தடவை மாறியிருந்து, அவற்றில் 15 தடவை இன்னொரு கோப்பும் கூடவே மாறியிருந்தால் அது 75 வீதம். பார்க்க வேண்டிய சோடி. இந்தப் பட்டியலிலிருந்து, வரைபடத்தில் ஏற்கெனவே அம்பு உள்ள சோடிகளைக் கழித்துவிட்டு எஞ்சுவதைத்தான் நான் வாசிப்பேன்.

சில முன்னெச்சரிக்கைகள் இல்லாவிட்டால் இந்த எண்ணிக்கை ஏமாற்றும். நிரலை ஒரே பாணிக்கு வடிவமைக்கும் கருவியை ஒரு தடவை ஓட்டினால் நூற்றுக்கணக்கான கோப்புகள் ஒரே கொமிட்டில் மாறும். அத்தகைய பெரிய கொமிட்களைக் கழித்துவிட வேண்டும். கோப்பின் பெயர் மாறினால் வரலாறு அறுபடும். மாலையானதும் அன்றைய வேலை முழுவதையும் ஒரே கொமிட்டாகத் தள்ளிவிட்டு வீட்டுக்குப் போகும் பழக்கமுள்ள குழுவில் எதுவும் எதனுடனும் சேர்ந்து மாறியதாகத் தோன்றும். அங்கே கொமிட்டை விடுத்து வேலைச்சீட்டு இலக்கத்தை வைத்துக் கூட்ட வேண்டும். அடையாள அட்டை விடயத்தில் வரலாறு பாதிதான் உதவியது: பதிவேடும் பில்லும் சேர்ந்து மாறியிருந்தன, ஏனெனில் 12 இலக்க வடிவத்தை எவரோ ஒருவர் இரண்டிலும் ஒரே நாளில் சேர்த்திருக்கிறார். அறிக்கை மொடியூலை எவரும் மாற்றவேயில்லை, குறையே அதுதான். மாற்றியிருக்க வேண்டியதை மாற்றாமல் விட்ட இடத்தை வரலாறு காட்டாது; அதை வெண்பலகையில் இல்லாமற்போன அம்புதான் காட்டியது.

தரவுத்தளம் இன்னொரு மறைவிடம். எங்கள் முற்பதிவு அட்டவணையில் நிலை என்று ஒரு புலம் இருந்தது. அதில் 0 முதல் 4 வரையான எண்கள். 3 என்றால் இரத்துச் செய்யப்பட்டது என்பதை முற்பதிவு மொடியூல் அறியும். அதே 3 ஐக் கணக்கும் அறிக்கையும் தரவுத்தளத்தை வினவும் தங்கள் எஸ்கியூஎல் வாக்கியங்களுக்குள் நேரே எழுதி வைத்திருந்தன. இம்போர்ட்களை வாசிக்கும் கருவிக்கு இது தெரிய நியாயமில்லை. அட்டவணைகளின் பெயர்களை நிரல் முழுவதும் தேடி, எந்த மொடியூல் எந்த அட்டவணையை வாசிக்கிறது, எது எழுதுகிறது என்று ஒரு சிறு கட்டமிட்ட தாளில் குறித்தால் போதும். ஒரே அட்டவணையில் எழுதும் மொடியூல்கள் இரண்டுக்கு மேலிருந்தால் அங்கே நின்று யோசிக்க வேண்டும்.

மெல்வின் கொன்வே 1968 இல் சொன்னதையும் குறிப்பிடாமல் விட முடியாது: ஓர் அமைப்பை வடிவமைக்கும் நிறுவனங்கள், தங்களுக்குள் பேசிக்கொள்ளும் வழிகளின் பிரதியாகவே அந்த வடிவமைப்பைத் தருகின்றன. பழைய கொமிட்களில் இருந்த பெயர்களை மொடியூல்களுடன் பொருத்திப் பார்த்தபோது, பில்லை எழுதியவரும் அறிக்கையை எழுதியவரும் ஒருவர் கோப்பை மற்றவர் ஒரு தடவைகூடத் தொட்டதில்லை என்று தெரிந்தது. அடையாள அட்டையைப் பிரிக்கும் ஃபங்ஷன் பக்கத்துக் கோப்புறையில் இருக்கிறது என்று ஒருவர் மற்றவருக்குச் சொல்லியிருந்தால் மூன்று பிரதிகள் உண்டாகியிருக்கமாட்டா.

கண்டுபிடித்த குறைகளையெல்லாம் திருத்த வேண்டுமா என்றால், வேண்டியதில்லை. அடையாள இலக்கத்துக்குத் தனி மொடியூல் ஒன்று அமைத்தோம்; பிறந்த திகதியும் பாலும் மட்டுமே அதிலிருந்து வெளியே வரும், இலக்கத்தின் வடிவம் வேறு எவருக்கும் தெரியாது. வரிகளுக்கும் அப்படியே, திகதியையும் தொகையையும் கொடுத்தால் வரிகளின் பட்டியலைத் திருப்பித் தரும் ஒன்று. பில்லும் முற்பதிவும் சேர்ந்த வட்டத்தை, பாக்கி உண்டா என்ற கேள்வியை இரண்டுக்கும் மேலேயுள்ள ஓர் அடுக்குக்கு நகர்த்தி உடைத்தோம். இவை மீண்டும் உருவாகாதபடி இம்போர்ட் லின்டர் என்ற கருவியில் விதிகளாக எழுதி, ஒவ்வொரு கொமிட்டுக்கும் சோதனைகளுடன் ஓட விட்டிருக்கிறோம். ஜாவாவில் வேலை செய்பவர்கள் ஆர்க்யூனிட் கொண்டு இதையே செய்யலாம். விதியை மீறும் வரியை எழுதியவர் அன்றே தெரிந்துகொள்வது, ஆண்டுக்கொரு தடவை நாங்கள் கூடி வரைபடம் பார்ப்பதை விட எவ்வளவோ மேல். இந்த வேலைகளை விடுதிகள் வெறிச்சோடிக் கிடக்கும் மழை மாதங்களுக்கென ஒதுக்கி வைப்பது வழக்கம்; ஓகஸ்ட் மாதத்தில் நிலாவெளி விடுதியொன்றின் பில் மொடியூலைப் பிரித்துப் போட எவருக்கும் துணிவு வராது.

அச்சுப்பொறி மொடியூலை மட்டும் தொடவில்லை. அது பில் அட்டவணையை நேரே வாசிக்கிறது, அறைக் கிளாஸின் உட்பகுதியைத் துழாவுகிறது, வட்டச் சார்பு ஒன்றிலும் மாட்டியிருக்கிறது. எந்த அளவையின்படி பார்த்தாலும் பட்டியலின் உச்சியில் வருவது அதுதான். ஆனால் பழைய ரசீது அச்சுப்பொறிகளுடன் பேசுவதற்காக எழுதப்பட்ட அந்தக் கோப்புகளில், மென்பொருள் எங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து ஒரு மாற்றமும் தேவைப்பட்டதில்லை. விடுதிக்காரர்கள் அச்சுப்பொறியை மாற்றும் வரை அது அப்படியே இருக்கும்.